ஃப்ரிட்ஜுக்குள் சாவி

பட்டறை முடிந்ததும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்:
உன் கருத்துரு என்ன? என்ன கற்றாய்?
முதல் கேள்விக்குப் பதில் எனக்கு
எப்போதும் படம் முடிந்த பிறகுதான் வரும்,
பந்தி கலைந்தபின் வந்து சேரும் உப்பு மாதிரி.

முதல் பட்டறையில்
பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துப் பளுதூக்கிகளைச் சாய்வாக எடுத்தேன்.
'நிலையின்மை' என்று எழுதிக் கொடுத்தேன்.
உண்மையில் முக்காலி வழுக்கிவிட்டது.
இரண்டாவதில், ட்யார்க்கின் புது லென்ஸுக்காகவே
கண்ணாடியில் இறங்கும் ஒரு மழைத்துளியை
மூன்று நிமிடம் துரத்தினோம்.
நல்ல மதிப்பெண். அதைப் பற்றிச் சொல்ல
இன்றுவரை என்னிடம் ஒன்றுமில்லை.

மூன்றாவதற்குத் தலைப்பு தந்துவிட்டார்கள்: மௌனம்.
"பேசாத ஒருவரைப் பேசவைப்போம்" என்றாள் வீப்கே,
பேருந்தில், வாய் நிறைய ரொட்டியோடு.
அவள் தெருவிலேயே இருந்தார் ஓன்கென் அம்மா.
மீன் ஆலையில் இருபத்தாறு வருட இரவுப் பணி,
முள்ளெடுக்கும் வரிசையில்.
"என்னிடம் என்ன இருக்கிறது சொல்ல" என்றார்.
ஆனால் நான்கு நாற்காலிகளையும் துடைத்து வைத்திருந்தார்.

சின்ன சமையலறை.
ட்யார்க் ஜன்னலைச் சாத்தினான்.
நான் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி
அவருடைய கட்டிலில் படுக்கவைத்தேன்.
"இன்னும் ஏதோ முனகுகிறது" என்றாள் வீப்கே,
ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு.
ஃப்ரிட்ஜ்.
கேட்கக்கூட இல்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

அவர் பேசினார்.
ரப்பர் பூட்ஸ். விடியற்காலைப் பேருந்தில்
பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருந்தது.
எலுமிச்சை, காப்பித்தூள், எதைத் தேய்த்தாலும்
போகாத வாசனை.

பேட்டி முடிந்ததும்
அறையை மட்டும் ஒரு நிமிடம் பதிவுசெய்ய வேண்டும்.
வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட
அந்த அறைக்கே சொந்தமான வெறுமை வேண்டும்;
வேறு அறையின் வெறுமை பொருந்தாது.
"ஒன்றுமில்லாததையா பிடிக்கிறீர்கள்?" என்றார்.
ஆமாம் என்றேன். மூச்சை அடக்கிக்கொண்டார்.
யாருடைய வயிறோ உறுமியது.
வெளியே ஒரு கடற்காகம்.
நாற்பதாவது நொடியில் பார்த்தேன்:
மேஜை விளிம்பில் அவருடைய கட்டைவிரல்
தானாகவே நகர்ந்துகொண்டிருந்தது,
இல்லாத மீனின் முதுகெலும்பைத் தடவிக்கொண்டு.
ட்யார்க்கைப் பார்த்தேன்.
பேட்டரி வீணாகாமல் இருக்க
கேமராவை அணைத்து வைத்திருந்தான்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தொலைபேசி.
கோபமில்லை அவருக்கு.
கடிகாரம் கிடைத்துவிட்டதாம், போர்வைக்கடியில்.
தம்பியின் பிறந்தநாளுக்கு வைத்திருந்த மீன்
உருகித் தரையெல்லாம் தண்ணீராம்.
துடைத்தாகிவிட்டதாம்.
பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பி,
"உங்கள் ஒன்றுமில்லாதது நன்றாக வந்ததா?"

ஒலிக்கூடத்து ஃபோல்கெர்ட் இதைக் கேட்டுச் சிரித்தான்.
தொழில்காரர்கள் ஃப்ரிட்ஜை நிறுத்தினால்
கார்ச் சாவியை அதற்குள் வைத்துவிடுவார்களாம்.
மறந்துபோய் வீடு திரும்ப முடியாது.
என்னிடம் கார் இல்லை என்றேன்,
அது ஒரு பதில் என்பதுபோல.

திரையிட்டோம். கைதட்டினார்கள்.
ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடத்திலும்
மற்றவர்களுக்கு அமைதி கேட்டது.
எனக்குச் சொட்டுகிற சத்தம்.

கருத்துரு: மௌனம், என்று எழுதி அடித்தேன்.
கருத்துரு: இருநூற்று முப்பது வோல்ட்.
என்ன கற்றாய்: அடுத்தவர் வீட்டில் எதை நிறுத்தினாலும்
உன் சாவியை அதற்குள் வை.
பக்கம் திரும்பி வந்தது, ஓரத்தில்
தூண்டில் முள் மாதிரி ஒரு கேள்விக்குறியோடு.

வீப்கேயும் நானும் மீன் வாங்கிக்கொண்டு போனோம்.
வேறு வகை மீன். வாங்கிக்கொண்டார்.
இப்போதெல்லாம் விடுதியில்
என் அறைச் சாவி வெண்ணெய்க்குப் பக்கத்தில் கிடக்கிறது.
காலையில் எடுத்தால்
சற்று நேரம் விரல் வலிக்கும்.